உடைந்த வீல் ஸ்டட்டை வீட்டிலேயே மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஞ்சரான சக்கரத்தைக் கழற்ற வீல் ஸ்பானரை ஒரு அழுத்து அழுத்துவோம். 'டக்' என்று ஒரு சத்தம். நட்டோடு ஸ்டட்டின் பாதியும் கையில் வந்துவிடும். காரின் பெரிய ரிப்பேர்களோடு ஒப்பிட்டால் இது சின்ன வேலை. பொறுமையாகச் செய்தால் அரை நாளில் முடியும். ஆனால் அரைகுறையாகச் செய்தால் ஓடும் வண்டியிலிருந்து சக்கரம் கழன்று போகும். அதனால் சில பதில்களை நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

ஸ்டட் என்பது எது? என் காரில் இருக்கிறதா?

சக்கரத்தைக் கழற்றியதும் ஹப்பிலிருந்து (சக்கரம் பூட்டப்பட்டு, அதோடு சேர்ந்து சுழலும் நடுப்பாகம்) நாலைந்து மரையுள்ள கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவைதான் ஸ்டட். டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய், சுசுகி, நிசான் கார்கள் பெரும்பாலும் இந்த வகை. ஃபோக்ஸ்வாகன், பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் கார்களில் பொதுவாக ஸ்டட் கிடையாது. ஹப்பிலேயே மரையிட்ட துளை இருக்கும், அதில் போல்ட்டை முடுக்க வேண்டும். அந்த வகை உடைந்தால் வேலையே வேறு. அதற்குத் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

ஸ்டட்டுக்குத் தட்டையான ஒரு தலை உண்டு. தலையை ஒட்டிக் கழுத்தைச் சுற்றிலும் பல் பல்லாக வரிகள் ஓடும். ஹப்பின் பின்பக்கத்திலிருந்து செருகி இழுக்கும்போது அந்தப் பற்கள் துளையின் சுவரைக் கடித்துக்கொள்கின்றன. நட்டை முடுக்கும்போது ஸ்டட்டும் சேர்ந்து சுற்றாமல் இருப்பது அந்தப் பிடியால்தான். வெல்டிங்கோ பூட்டு ஆணியோ இல்லாததால்தான் வீட்டிலேயே மாற்ற முடிகிறது.

ஸ்டட் ஏன் உடைகிறது?

காரின் எடை தாங்காமல் உடைந்துவிட்டது என்று பலரும் சொல்வார்கள். ஸ்டட்டின் வேலை எடையைச் சுமப்பது அல்ல. நட்டை முடுக்கும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது, இழுத்துப் பிடித்த ஸ்பிரிங் போல. மறுபடி சுருங்கப் பார்க்கும் அந்த இழுவிசை, சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு சேர்த்து அழுத்துகிறது. இரண்டு உலோக முகங்களுக்கு நடுவே உள்ள உராய்வுதான் சக்கரத்தை நகரவிடாமல் வைத்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் முக்கால்வாசி பதில்கள் தானாகவே விளங்கும்.

உடைவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அளவுக்கு மீறி முடுக்குவது. டயர் மாற்றும் இடத்தில் ஏர் கன்னை வைத்து மூச்சுவிடாமல் அடிக்கும்போது ஸ்டட் திரும்பிவர முடியாத அளவுக்கு நீண்டுவிடும். அன்றைக்கு உடையாது. அடுத்த முறை கழற்றும்போது, துரு வேறு சேர்ந்துகொள்ள, முறுக்கிக்கொண்டு உடையும். இரண்டாவது வழி இதற்கு நேர் எதிர்: நட் தளர்வாக இருப்பது. அழுத்தம் குறைந்தால் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் இம்மியளவு அசையும். ஸ்டட் அங்கும் இங்கும் வளைந்து வளைந்து, கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போல ஒடியும்.

எந்த வழி என்று தெரிந்துகொள்ள, உடைந்த துண்டைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். வளைந்து வளைந்து ஒடிந்ததில் உடைந்த முகம் இரண்டு பகுதியாகத் தெரியும். ஓரத்திலிருந்து தொடங்கும் ஒரு பகுதி வழவழவென்று இருக்கும். சிப்பி ஓட்டின் மேல் இருப்பது போல வளைவு வளைவாக மெல்லிய கோடுகளும் சில சமயம் தெரியும். மிச்சப் பகுதி சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும். வழவழப்பான இடம் பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டது, சொரசொரப்பான இடம் கடைசியில் ஒரே நொடியில் அறுந்தது. முறுக்கி உடைந்ததில் இந்த இரட்டை முகம் இருக்காது. துண்டைத் தூக்கி எறியாதீர்கள், ஒன்றை மாற்றுவதா எல்லாவற்றையும் மாற்றுவதா என்று அதுதான் சொல்லும்.

ஒரு ஸ்டட் இல்லாமல் ஓட்டலாமா?

ஐந்தில் ஒன்று போயிருந்து மற்ற நாலும் நன்றாக இறுகியிருந்தால், மெதுவாக, அருகில் இருக்கும் வீட்டுக்கோ ஒர்க்ஷாப்புக்கோ கொண்டுபோகலாம். நெடுஞ்சாலை வேண்டாம், ஆட்களை ஏற்ற வேண்டாம். நாலில் ஒன்று போயிருந்தால் நிற்கும் இடத்திலேயே சரிசெய்யப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டு உடைந்திருந்தால் பேச்சே இல்லை, வண்டியை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

உடைந்ததை மட்டும் மாற்றினால் போதுமா?

துருப்பிடித்த நட்டைக் கழற்றும்போது ஒன்று மட்டும் முறுக்கி உடைந்தது, சக்கரம் தளர்வாக ஓடவில்லை என்றால் அந்த ஒன்று போதும். ஆனால் மற்றவற்றைச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள். நல்ல நட் ஒன்றை எடுத்து ஒவ்வொரு ஸ்டட்டிலும் விரலால் மட்டும் சுற்றி அடிவரை கொண்டுபோய்ப் பாருங்கள். சுத்தமான மரையில் அது சர்ரென்று போக வேண்டும். ஏதோ ஒரு இடத்தில் மட்டும் இறுகினால், அந்த ஸ்டட் அங்கே நீண்டுவிட்டது. மரைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறியதால்தான் நட் தடுமாறுகிறது. அதையும் மாற்ற வேண்டியதுதான்.

உடைந்த முகத்தில் சிப்பிக் கோடுகள் தெரிந்தாலோ, இரண்டு ஸ்டட் போயிருந்தாலோ, சக்கரம் தளர்வாகக் கொஞ்ச தூரமாவது ஓடியிருந்தாலோ, அந்தச் சக்கரத்தின் எல்லா ஸ்டட்டையும் மாற்றுங்கள். ஒன்று ஒடியும்வரை மற்றவையும் அதே வளைவை வாங்கியிருக்கின்றன. பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே விரிசல் தொடங்கியிருக்கும். ஒன்றை மாற்றும் நேரத்தில் பாதிக்கு மேல் கழற்றி மாட்டுவதற்கே போகிறது, மற்ற நாலுக்கு அதிகம் ஆகாது. சக்கரத்தின் துளைகளையும் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டியவை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அந்தச் சக்கரமும் போயிற்று.

சரியான ஸ்டட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மாடல், ஆண்டு, சேஸிஸ் எண் சொல்லிக் கேட்பதே நல்லது. முன்னுக்கும் பின்னுக்கும் வேறு ஸ்டட் இருக்கும் கார்களும் உண்டு, எந்தச் சக்கரம் என்றும் சொல்லுங்கள். வாங்கிய பிறகு பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலையின் அகலம், தலைக்குக் கீழே மொத்த நீளம், மரையின் அளவு, பல் வரிகளின் நீளம், எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பல் வரிகள் உள்ள கழுத்தின் விட்டத்தை வெர்னியர் அளவுகோல் வைத்து அளப்பது அவசியம். அதில் ஒரு மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே பிடிப்பு இருக்காது, கூடினால் உள்ளே போகாது.

மரையில் ஏமாறுவது சுலபம். டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் கார்களில் சாதாரணமாக எம்12 × 1.5 (12 மில்லிமீட்டர் விட்டம், மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர்), சுசுகி, நிசான், சுபாரு கார்களில் எம்12 × 1.25. இரண்டுக்கும் விட்டம் ஒன்றேதான், மரையின் நெருக்கம்தான் வேறு. ஒன்றின் நட் மற்றதில் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும், அப்புறம் இறுகும். 'துருவாக இருக்கும்' என்று நினைத்து ஸ்பானர் போட்டால் இரண்டு மரையும் நாசம்.

ஹார்டுவேர் கடை போல்ட்டை வைத்து வெல்டிங் செய்தால்?

கூடவே கூடாது. வீல் ஸ்டட்கள் பொதுவாக 10.9 தரம் போன்ற உயர்ந்த வலிமையில், சூட்டில் பதப்படுத்திச் செய்யப்படுபவை. வெல்டிங் சூடு அந்தப் பதத்தையே கெடுத்துவிடும், ஹப்பையும் கோணலாக்கும்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

ஜாக்கி, வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கட்டைகள், சாக்கெட் செட், நீளக் கைப்பிடி, ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள சுத்தியல் அல்லது ஸ்டட்டை அழுத்தி எடுக்கும் சி வடிவ பிரஸ், கம்பி பிரஷ், துரு தளர்த்தும் ஸ்ப்ரே, காலிப்பரை (பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் பாகம்) தொங்கவிடக் கம்பி, வைத்த அளவுக்கு முடுக்கியதும் 'கிளிக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்ச். இவற்றோடு இரண்டு அற்பமான பொருட்கள் கட்டாயம் வேண்டும்: தடித்த வாஷர்கள் நாலைந்து, இரண்டு பக்கமும் திறந்த ஒரு நட். மூடி போட்ட நட் இந்த வேலைக்கு ஆகாது. ஸ்டட்டின் நுனி மூடியில் முட்டி நின்றுவிடும். அந்த நட் இந்த வேலையோடு கழிவுக்குப் போய்விடும், அதனால் சக்கரத்தின் நட்டைப் பயன்படுத்தாமல் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹப் வரை எப்படிப் போவது?

முன்சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். சமமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே மற்ற நட்டுகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். அப்புறம் ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டில் வண்டியை உட்காரவைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி சுத்தியல் வேலை செய்யாதீர்கள். அடிக்கும் ஒவ்வொரு அடியிலும் வண்டி ஆடும். கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்கவைத்துவிட்டால் இன்னொரு காப்பு.

அடுத்து காலிப்பர். அதன் பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகள் பின்பக்கம் இருக்கும். அவற்றைக் கழற்றினால் பேடுகளோடு மொத்தமாக வந்துவிடும். அதைக் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கினால் ஹோஸ் உள்ளே கிழியும், வெளியே தெரியாது. டிஸ்க்கைச் சிறிய ஸ்க்ரூ ஒன்று பிடித்திருந்தால் அதைக் கழற்றுங்கள். டிஸ்க் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் அதன் முகத்தில் மரையிட்ட இரண்டு சிறு துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் போல்ட் அதில் போகும். இரண்டையும் மாற்றி மாற்றி முடுக்கினால் டிஸ்க் தானாக வெளியே தள்ளப்படும். காலிப்பர் கழன்றிருக்கும்போது யாரும் பிரேக் பெடலை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சக்கரத்தில் டிரம் இருந்தால்?

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைக் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவித்த பிறகுதான் டிரம் கழலும். இதிலும் தள்ளி எடுக்கும் மரைத்துளைகள் இருக்கும். உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். சில கார்களில் ஹப்பும் டிரம்மும் ஒரே வார்ப்பு. நடுவில் இருக்கும் பெரிய நட்டைக் கழற்றினால் பேரிங்கோடு மொத்தமும் கையில் வரும். அது ஒரு விதத்தில் வசதி, மேசையில் வைத்து நிதானமாக வேலை செய்யலாம். ஆனால் மறுபடி மாட்டும்போது அந்த நடு நட்டைப் புதிதாகப் போட்டு, அந்தக் காரின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு முடுக்க வேண்டும்.

பின்னால் டிஸ்க்கும் எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக்கும் இருக்கும் கார்களில், அதைச் சர்வீஸ் நிலைக்கு மாற்றிய பிறகே கை வையுங்கள்.

பழைய ஸ்டட்டைச் சுத்தியலால் அடித்து எடுக்கலாமா?

எடுக்கலாம், பலரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு அடியும் பேரிங் வழியாகத்தான் போகிறது. பேரிங்கின் குண்டுகள் ஓடும் பாதை கண்ணாடி போல வழவழப்பானது. அடி பலமானால் குண்டுகள் அதில் சின்னச் சின்னக் குழிகளைப் பதித்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு 'ம்ம்ம்' சத்தம் தொடங்கும். ஸ்டட்டை மிச்சம் பிடித்த இடத்தில் பேரிங் செலவு வந்து நிற்கும். அதனால் சி வடிவ பிரஸ் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். அது ஸ்டட்டின் நுனியை அழுத்தும்போது எதிர்விசையை ஹப்பின் தட்டிலேயே எடுத்துக்கொள்கிறது, பேரிங்குக்கு எதுவும் போகாது.

சுத்தியல்தான் வழி என்றால் முந்தைய நாளே பின்பக்கம் துரு தளர்த்தும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். கனமான சுத்தியலால் நேராக, தீர்மானமாக இரண்டு மூன்று அடி. லேசான சுத்தியலால் முப்பது முறை தட்டுவதைவிட அது பேரிங்குக்கு நல்லது. ஹப்பின் முகத்தோடு ஒட்ட உடைந்திருந்தால் நடுவில் ஒரு பஞ்ச் வைத்து அடியுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், இந்த எஃகு சில்லு தெறிக்கும். நாலைந்து நல்ல அடிக்கும் அசையவில்லை என்றால் நிறுத்திவிட்டு பிரஸ்ஸைத் தேடிப் போங்கள்.

தலை பின்னால் எதிலோ இடித்து ஸ்டட் வெளியே வரவில்லையே?

ஹப்பைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பல கார்களில் ஏதாவது ஒரு நிலையில் மட்டும் பின்னால் இடம் கிடைக்கும். டிஸ்க்கின் பின்னால் இருக்கும் தகடு தடுத்தால் அதைக் கொஞ்சம் வளைத்துக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் நிமிர்த்திவிடுங்கள். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் சென்சாரும் அதன் ஒயரும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும், கவனம்.

எந்த நிலையிலும் இடம் இல்லை, அல்லது டிஸ்க் ஹப்பின் பின்பக்கம் பூட்டப்பட்டிருக்கிறது என்றால் ஹப்பையே கழற்ற வேண்டும். போல்ட்டில் பூட்டும் ஹப் என்றால் பழகிய கைக்கு அதுவும் முடியும். பேரிங்கில் அழுத்திப் பொருத்திய ஹப் என்றால் வெளியே இழுக்கும்போதே பேரிங் பெரும்பாலும் வீணாகும், மறுபடி பொருத்த ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். அங்கே வீட்டு வேலையை நிறுத்திவிடுவதுதான் சரி. ஹப்பைக் கிரைண்டரால் அறுத்து வழி செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சுழலும் பாகம் அது. ஒரு கீறலிலிருந்தே விரிசல் தொடங்கும்.

புது ஸ்டட்டை எப்படி உள்ளே இழுப்பது?

இந்த வேலையின் உயிரே இங்கேதான்.

முதலில் துளையைக் கம்பி பிரஷ்ஷால் துடைத்து, துருவையும் பழைய துகள்களையும் எடுங்கள். ஹப்பின் பின்பக்கம், ஸ்டட்டின் தலை உட்காரும் இடத்தையும் துடையுங்கள்; அங்கே ஒரு துரு செதில் மாட்டிக்கொண்டாலும் தலை முழுசாக உட்காராது. துளையின் சுவரில் பழைய பற்கள் பதிந்த தடம் தெரியும். புது ஸ்டட்டைப் பின்னாலிருந்து செருகி, இலேசாக அப்படியும் இப்படியும் திருப்பிப் பாருங்கள். பற்கள் பழைய தடத்தில் விழும்போது விரலுக்கே தெரியும், சாவி பூட்டில் விழுவது போல ஒரு சின்ன நிலைப்பு.

வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் வாஷர்களை அடுக்குங்கள். முதல் வாஷரின் துளை ஸ்டட்டின் பல் பகுதியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பற்கள் வாஷரில் முட்டிக்கொள்ளும். வாஷர்களுக்கு நடுவே மட்டும் துளி கிரீஸ் தடவுங்கள், அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். மரையில் தடவாதீர்கள். அப்புறம் திறந்த நட்டை, அதன் தட்டையான பக்கம் வாஷரைப் பார்க்கும்படி, கையால் சுற்றுங்கள். குறைந்தது எட்டுப் பத்துச் சுற்று ஏறிய பிறகுதான் ஸ்பானர்.

முடுக்கும்போது ஹப்பும் சேர்ந்து சுற்றும். வேறு இரண்டு ஸ்டட்களில் நட்டுகளை ஏற்றி மரைக்குக் காப்பு கொடுத்துவிட்டு, அவற்றுக்கு நடுவே நீளமான நெம்புகோல் ஒன்றைக் கொடுத்து அதன் மறுமுனையைத் தரையில் ஊன்றினால் ஹப் நிற்கும். கைப்பிடியைச் சீராக இழுங்கள். ஏர் கன் வேண்டாம், அது மரையைச் சூடாக்கிச் சிக்கவைக்கும். நட் திரும்பத் திரும்ப ஸ்டட் மெதுவாக முன்னே வரும், கையில் ஒரே மாதிரியான கனம் தெரியும். சில சமயம் 'கிர்க்' என்று முனகும், பயப்பட வேண்டாம். ஒரு கட்டத்தில் அந்தக் கனம் திடீரென்று கல்லாகிவிடும். தலை பின்பக்கத் தட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். சக்கர நட்டுக்கான அளவைத் தாண்டி முடுக்கியும் தலை பாதியில் நிற்கிறது என்றால் வம்பு செய்யாமல் கழற்றிப் பாருங்கள். பற்கள் தடம் மாறியிருக்கும், அல்லது அளவு தவறு.

கையை மட்டும் நம்பாமல் கண்ணாலும் பாருங்கள். போனின் கேமராவைப் பின்பக்கம் நீட்டிப் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். தலைக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் இடைவெளிகூடத் தெரியக்கூடாது. பக்கத்தில் உள்ள பழைய ஸ்டட்டின் தலையோடு ஒப்பிட்டால் உடனே புரிந்துவிடும். முடிந்ததும் வாஷர்களை எடுத்துவிட்டு, மரையில் கிரீஸ் பட்டிருந்தால் துணியால் நன்றாகத் துடையுங்கள்.

வாஷர் எதற்கு? சக்கரத்தை மாட்டி நட்டை முடுக்கினால் அதுவே இழுத்துவிடாதா?

இழுக்கும். நான் முதல்முறை அப்படித்தான் செய்தேன். நட் நன்றாக இறுகியது, மனதுக்கும் திருப்தி. அறுபது கிலோமீட்டர் போன பிறகு முன்பக்கத்திலிருந்து 'டொக்... டொக்...' என்று மெதுவான சத்தம். நிறுத்திப் பார்த்தால் அந்த ஒரு நட் மட்டும் விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. தலை முழுசாக உட்காராமல் ஒரு மில்லிமீட்டர் பின்னால் நின்றிருக்கிறது. ஓட்டத்தின் அதிர்வில் அது மெல்ல உள்ளே வந்திருக்கிறது, ஸ்பிரிங் போல நீண்டிருந்த ஸ்டட்டின் இழுவிசை அப்படியே விட்டுப்போயிருக்கிறது. நட் தானாகக் கழலவில்லை, ஸ்டட் நகர்ந்ததால் பிடி போனது. என் பிள்ளைகள் அந்த வண்டியில் இருந்தார்கள். அன்றிலிருந்து பின்பக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் சக்கரத்தை மாட்டுவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சக்கர நட்டின் சாய்வான முகம் சக்கரத்தின் துளையில் உரசி, குறிப்பாக அலாய் சக்கரத்தில், உட்காரும் இடத்தையே தின்றுவிடும்.

ஸ்டட்டை ஃப்ரீசரில் வைத்தால் சுலபமாகப் போகும் என்கிறார்களே? ஹப்பைச் சூடாக்கினால்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஃகு ஒரு டிகிரிக்கு, அதன் அளவில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு சுருங்கும். 14 மில்லிமீட்டர் கழுத்து 50 டிகிரி குளிர்ந்தால் சுருக்கம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட வராது. பற்கள் கடிக்கும் ஆழத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. சூடாக்குவது வேண்டவே வேண்டாம், பேரிங்கின் கிரீஸும் சீலும் ஏபிஎஸ் வளையமும் பக்கத்திலேயே இருக்கின்றன.

நட்டைத் திருப்பினால் ஸ்டட்டும் சேர்ந்து சுற்றுகிறது. என்ன செய்வது?

பற்கள் துளையில் பிடி இழந்துவிட்டன. சக்கரம் இன்னும் மாட்டியிருக்கும்போது இப்படி ஆனால் கொஞ்சம் சங்கடம்தான். மற்ற நட்டுகளைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்பிப் பாருங்கள். அந்த இழுப்பில் சில சமயம் பற்கள் பிடிக்கும். இல்லாவிட்டால் நட்டைப் பிளக்கும் கருவி, அதற்கும் இடமில்லாவிட்டால் நடுவில் துளை போட்டு ஸ்டட்டையே தின்றுவிடுவது. இரண்டாவது வேலை பொறுமையைச் சோதிக்கும், கூர்மையான துளைக்கம்பியும் மெதுவான வேகமும் வேண்டும்.

வெளியே எடுத்த பிறகு துளையைப் பாருங்கள். சுவர் வழவழப்பாகிவிட்டிருந்தால் அதே அளவுப் புது ஸ்டட்டும் சுற்றத்தான் செய்யும். ஹப்பை மாற்றுவதுதான் நிம்மதியான வழி. பசை போட்டு ஒட்டுவது, சுற்றிலும் வெல்டிங் புள்ளி வைப்பது, இரண்டையும் என்னால் யாருக்கும் சொல்ல முடியாது.

உடையவில்லை, மரை மட்டும் கெட்டிருக்கிறது. மரை வெட்டும் டை போட்டுச் சரிசெய்யலாமா?

நுனியில் ஒன்றிரண்டு சுற்று நசுங்கியிருந்தால் செய்யலாம். நடுவில் மரை அழிந்திருந்தால் மாற்றுங்கள்.

துருப்பிடிக்காமல் இருக்க மரையில் எண்ணெய் போடலாமா?

போடாதீர்கள். நட்டை முடுக்க நாம் கொடுக்கும் விசையில் பெரும்பகுதி, சுமார் 90%, நட்டின் முகத்திலும் மரையிலும் உராய்விலேயே செலவாகிறது. மிச்சம் 10% அளவுதான் ஸ்டட்டை இழுக்கிறது. கார் தயாரிப்பாளர் சொல்லும் அளவு உலர்ந்த மரைக்கானது. எண்ணெய் போட்டால் உராய்வு குறையும், அதே அளவுக்கு முடுக்கினாலும் ஸ்டட் அதிகமாக இழுபடும். டார்க் ரெஞ்ச் சரியான அளவையே காட்டும், ஸ்டட் மட்டும் நீண்டுவிடும். துருதான் கவலை என்றால் கம்பி பிரஷ்ஷால் துடைத்துச் சுத்தமாக வைத்தாலே போதும்.

எவ்வளவு முடுக்க வேண்டும்? டார்க் ரெஞ்ச் கட்டாயமா?

உங்கள் காரின் கையேட்டில் எண் இருக்கும், அதுதான் வேதவாக்கு. எம்12 ஸ்டட் உள்ள கார்களில் அது பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். எம்14 உள்ள பெரிய வண்டிகளில் இதைவிட அதிகம்.

டார்க் ரெஞ்ச் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் முனையில் 34 கிலோ எடை அளவுக்கு அழுத்தினால் 100 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். அதே முனையில் 70 கிலோ ஆள் ஏறி நின்றால் 200-ஐத் தாண்டும். 'காலால் மிதித்து இறுக்கினேன், இனி கழலாது' என்று சொல்பவர் ஸ்டட்டை உடைக்கும் வேலையில் பாதியை முடித்துவிட்டார்.

முடுக்குவதற்கு முன் ஹப்பின் முகத்தையும் சக்கரத்தின் உட்புற முகத்தையும் பிரஷ்ஷால் தேய்த்துத் துரு, பெயின்ட், மண் எதுவும் இல்லாமல் செய்யுங்கள். நடுவில் சிக்கியது பிறகு நசுங்கினால் அந்த அளவுக்கு இழுவிசை குறையும். எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றி, பிறகு எதிரெதிராக, நட்சத்திரம் வரைவது போல, இரண்டு மூன்று சுற்றில் படிப்படியாக இறுக்குங்கள். கடைசி அளவு, சக்கரம் தரையைத் தொட்ட பிறகு. நட்டின் முகமும் சக்கரத்தின் துளையும் ஒரே வடிவமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்: 60 டிகிரி கூம்பு, உருண்டை, தட்டை என்று மூன்று வகை புழக்கத்தில் உண்டு. ஒன்றுக்கு ஒன்று மாறினால் ஓரத்தில் மட்டும் தொடும், எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது.

இடதுபக்கம் திருப்பினால் இறுகும் மரை உண்டா?

சில பழைய கார்களிலும் கனரக வண்டிகளிலும் வண்டியின் இடதுபக்கச் சக்கரங்களுக்கு அப்படி உண்டு. ஸ்டட்டின் நுனியில் 'எல்' எழுத்து பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய கார்களில் சாதாரணமாகக் கிடையாது.

போல்ட் வகைச் சக்கரத்தில் போல்ட் உடைந்தால்?

தலை உடைந்தவுடனே இழுவிசை விட்டுப்போகிறது, அதனால் உள்ளே மாட்டிய துண்டு பல நேரம் சுலபமாகவே சுற்றும். ஸ்ப்ரே அடித்து ஊறவைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பிடித்துத் திருப்புங்கள். உள்ளே புதைந்திருந்தால் இடதுபுறம் சுற்றும் துளைக்கம்பியால் சரியாக நடுவில் துளையிடுங்கள். பாதி நேரம் துளையிடும்போதே துண்டு வெளியே வந்துவிடும். ஹப்பின் மரை கெட்டுவிட்டால் ஹப்தான் மாற்ற வேண்டும்.

வேலை முடிந்துவிட்டது. வண்டியை எடுக்கலாமா?

எடுப்பதற்கு முன் பிரேக் பெடலைக் கெட்டியாகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலிப்பரைக் கழற்றியதில் பிஸ்டன் உள்ளே போயிருக்கலாம், முதல் மிதிக்கு பிரேக் பிடிக்காமல் போகலாம். காலிப்பர் போல்ட்டுகளை அவற்றுக்கான அளவுக்கு முடுக்கினோமா என்று இன்னொரு தடவை தொட்டுப் பாருங்கள். டிஸ்க்கில் கிரீஸ் கை பட்டிருந்தால் பிரேக் கிளீனரால் துடையுங்கள்.

அப்புறம், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கரம் ஆறிய பிறகு டார்க் ரெஞ்ச்சை அதே எண்ணில் வைத்து எல்லா நட்டையும் சோதியுங்கள். எல்லாம் உடனே 'கிளிக்' என்றால் நல்லது. புது ஸ்டட்டின் நட் மட்டும் கொஞ்சம் திரும்பிய பிறகு 'கிளிக்' என்றால், இறுக்கிவிட்டு இன்னொரு 50 கிலோமீட்டரில் மறுபடி பாருங்கள். அப்போதும் திரும்பினால் சக்கரத்தைக் கழற்றி ஸ்டட்டின் தலையைப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள்.